மன்னை வீடு (குடும்பக் குழு)

கலா: அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார். முறிவு இல்லை, இடுப்பில் வீக்கம். எட்டு மணி வரை பால் பை கேட்டிலேயே தொங்குவதைப் பார்த்து எதிர்வீட்டு சரசுதான் கொல்லைப்பக்கமாகப் போய்ப் பார்த்திருக்கிறாள். நான் இப்போதுதான் திருச்சியிலிருந்து வந்தேன்.

சுந்தர்: ஐயோ. எவ்வளவு நேரம் தரையில் கிடந்தார்?

கலா: இரண்டு மணி நேரம் இருக்கும்.

முரளி: இதற்குத்தான் போன வருடமே சொன்னேன். ஆள் விழுந்தால் கண்டுபிடிக்கும் வசதி ஆப்பிள் வாட்ச்சில் 2018 முதலே உண்டு. பலமாக விழுந்து ஒரு நிமிடம் போல அசையாமல் கிடந்தால் அதுவே அவசர எண்ணுக்குப் போன் போடும். ஆனால் அம்மா குளிக்கப் போனால் வளையலையே கழற்றி வைப்பவர். அதனால் சுவரில் மாட்டும் ரேடார் சென்சார்தான் சரி. கேமரா இல்லை, படம் எடுக்காது. ரேடியோ அலை பட்டுத் திரும்புவதை வைத்து ஆள் நிற்கிறாரா, கிடக்கிறாரா என்று கணிக்கும். அப்புறம் கூடத்திலும் சமையலறையிலும் அசைவு சென்சார். சில வாரம் அம்மாவின் நடமாட்டத்தைப் பார்த்துப் பழகிக்கொள்ளும். வழக்கம் மாறினால் நமக்குச் செய்தி வரும். ஜப்பானில் சோஜிருஷி நிறுவனம் 2001லேயே வெந்நீர்க் கெட்டிலில் இதைச் செய்துவிட்டது. அங்கே பாட்டி டீ போட்டால் பிள்ளைக்குத் தகவல்.

சுந்தர்: 👍

வித்யா: ஏகாதசிக்குப் பாட்டி அடுப்பே பற்றவைக்க மாட்டாரே மாமா. மாதம் இரண்டு தடவை அலாரமா?

முரளி: கிழமை அதற்குப் பிடிபட்டுவிடும். திதியை நாம்தான் சொல்லிவைக்க வேண்டும் 😄

கலா: போன தடவை வைத்த கேமரா மேல் ஈரத்துண்டைப் போட்டவர் அவர்.

ராஜு சித்தப்பா: சிவகாமி வளைகாப்பு 14ஆ 15ஆ?

வித்யா: 15, சின்னத் தாத்தா.

கலா: அலாரம் யாருக்கு வரும் முரளி?

முரளி: நம் மூவருக்கும்தான்.

கலா: நீ சிங்கப்பூர், அவன் புனே. நான் வந்து சேரவே இரண்டு மணி நேரம். சரசு நம்பரையும் போடு.

சுந்தர்: கரண்ட் போனால்?

முரளி: இன்வெர்ட்டர் இருக்கிறதே.

கலா: பேட்டரி போய் மூன்று மாதம். பாதிப் பணம் தருகிறேன் என்றவர் யாரோ.

சுந்தர்: அதை இங்கே எதற்கு அக்கா...

ராஜு சித்தப்பா: வழவழ டைல்ஸ் வேண்டாம் என்று அன்றைக்கே தலைபாடாக அடித்துக்கொண்டேன்.

கலா: கைப்பிடிக் கம்பி போட நாளைக்கு ஆள் வருகிறார்.

முரளி: அப்போ சென்சார்? குளியலறைக்கு மட்டும் ஒன்று ஆர்டர் போடட்டுமா?

சுந்தர்: போடு.

கலா: அம்மாவைக் கேட்காமலா?

அம்மா: நான் முழித்துத்தான் இருக்கிறேன். குளிக்கிற இடத்தில் எதையும் மாட்டாதே.

முரளி: சின்ன டப்பாதான் அம்மா. படம் எடுக்காது.

கலா: வைஃபையும் போன வாரத்தோடு முடிந்துவிட்டது.

ராஜு சித்தப்பா: 15 காலையா சாயங்காலமா?