'கொடை வரி 2019' (கோயில் கொடைத் திருவிழா வரி) குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு சவுதி வேலை

ஞாயிறு, காலை 7.12

இசக்கி: (பிடிஎஃப், 4 பக்கம்)

இசக்கி: எல்லாரும் ஒரு தடவ படிச்சுப் பாருங்க. சவுதில யுனிவர்சிட்டில இங்கிலீஷ் வேலை. வியாழக்கிழமைக்குள்ள பதில் கேக்காங்க

செல்வி மைனி: தொறக்க மாட்டேங்கு

முருகன் அண்ணன்: சம்பளத்த சொல்லுலே மொதல்ல

இசக்கி: 6500 ரியால்ணே

சங்கரன் பெரியப்பா: வாழ்த்துகள். பெரியவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு குரூப்புல போட்டிருக்கலாம்.

பார்வதி சித்தி: அத்தான் நேத்து ராத்திரி 11 மணிக்குத்தான் வந்துச்சு. நீங்க தூங்கிருப்பீங்கன்னு

முருகன் அண்ணன்: நம்ம காசுக்கு எவ்ளோ

பரமு தம்மாம்: இங்க ரியாலுக்குத் தோராயமா 22 வச்சு பெருக்கு. 1,43,000

முருகன் அண்ணன்: யம்மாடி

பரமு தம்மாம்: எலே இசக்கி, யுனிவர்சிட்டி நேரடி விசாவா, கம்பெனி விசாவா

இசக்கி: மேல கம்பெனி பேருதான் இருக்குண்ணே. பாடம் எடுக்கது யுனிவர்சிட்டி பிரிப்பரேட்டரி இயர்ல

பரமு தம்மாம்: அப்ப கம்பெனி

நெல்லையப்பன் மாமா: மருமவனே, 4 பக்கமும் படிச்சேன். விரிவா எழுதுதேன். நடுவுல யாரும் குட் மார்னிங் படம் போடாதீங்க.

செல்வி மைனி: (பிள்ளையார் படம். இனிய ஞாயிறு)

நெல்லையப்பன் மாமா: இதுல ரெண்டு தினுசு உண்டு. ஒண்ணு, யுனிவர்சிட்டியே நேரா ஆள் எடுக்கது. அதுல வீட்டு அலவன்ஸ் தனி, வருஷ டிக்கெட் உண்டு, கோடை லீவுக்கும் சம்பளம் வரும். இன்னொண்ணு, முதல் வருஷ இங்கிலீஷ ஒரு கம்பெனிக்கிட்ட குத்தகைக்கு விட்டுருவாங்க. கம்பெனி ஆள் பிடிச்சு அனுப்பும். கோயில் கடைய ஏலம் எடுத்தவன் உள்வாடகைக்கு விடுதாம்லா, அந்தக் கதைதான். கிளாஸ் ரூமும் பயலுவளும் ஒண்ணுதான், சம்பளம் போடுத கைதான் வேற. யுனிவர்சிட்டிக்கும் கம்பெனிக்கும் உள்ள ஒப்பந்தம் முடிஞ்சா நீ நல்லா நடத்துனியா இல்லையான்னு யாரும் பாக்க மாட்டான்.

நெல்லையப்பன் மாமா: ஒனக்கு வந்திருக்கது ரெண்டாவது. அதுக்காக வேண்டாம்னு சொல்லல. மொத ரெண்டு வருஷ அனுபவத்துக்கு நெறைய பேரு இப்படித்தான் போறாங்க. ஆனா 3ம் பக்கம் பாரு, "எல்லாம் உட்பட 6500"னு இருக்கு. வீடு, வண்டி, டிக்கெட் எல்லாம் அதுக்குள்ளயா? 10 மாச ஒப்பந்தமா, 12 மாசமா? அந்த ரெண்டையும் அதுல எழுதல. 10 மாசம்னா 1,43,000ங்கிறத 12ஆல வகுத்துப் பாத்துக்கோ.

முருகன் அண்ணன்: மாமா 10ஆல பெருக்கி 12ஆல வகுக்கணும்

நெல்லையப்பன் மாமா: அதத்தாம்லே சொன்னேன்

சங்கரன் பெரியப்பா: ஏஜென்ட் எவ்வளவு கேக்கான்?

இசக்கி: ஒன்றரை லட்சம் பெரியப்பா. பாதி இப்ப, பாதி விசா அடிச்ச பெறவு

பரமு தம்மாம்: குடுக்காத

நெல்லையப்பன் மாமா: 1983ம் வருஷ குடிபெயர்வுச் சட்டத்துக்கு உள்ள விதிப்படி, பதிவு பண்ணின ஏஜென்ட் ஒரு ஆள்கிட்ட வாங்கலாம்னு சொன்னது 30,000 ரூபாய், அதுக்கு மேல ஜிஎஸ்டி 18 சதவீதம். ஆக 35,400. அதுக்கும் ரசீது தரணும். ஏஜென்டுக்கு லைசென்ஸ் நம்பர் இருக்கும். இ-மைக்ரேட் அரசு தளத்துல அந்த நம்பர அடிச்சா கம்பெனி பேரு, விலாசம், லைசென்ஸ் உயிரோட இருக்கா செத்துப் போச்சான்னு எல்லாம் வரும். நம்பர் கேட்டா "அதெல்லாம் எதுக்கு சார்"னு இழுத்தான்னா அங்கனயே போன வச்சிரு.

சங்கரன் பெரியப்பா: தெரிஞ்ச ஆள் மூலமா போனா இந்தப் பிரச்சினை எல்லாம் இல்ல.

நெல்லையப்பன் மாமா: அத்தான், 2011ல முருகனுக்குக் கட்டுனதும் தெரிஞ்ச ஆள்தான்

சங்கரன் பெரியப்பா: அந்தப் பேச்சு இப்ப எதுக்கு?

முருகன் அண்ணன்: மாமா விடுங்க

பார்வதி சித்தி: தம்பி நீ சர்ட்டிபிகேட்டு விஷயத்த சொல்லு

காலை 8.40

நெல்லையப்பன் மாமா: சர்ட்டிபிகேட்டு. இதுலதான் நாள் போகும். மொத கேள்வி, எம்.ஏ. நேரடி வகுப்புதானே?

இசக்கி: ஆமா மாமா பாளையங்கோட்டைல. பி.எட். மட்டும் தபால்ல

நெல்லையப்பன் மாமா: தபால்ல படிச்ச பட்டத்த அங்க பெரும்பாலும் ஏத்துக்க மாட்டாங்க. எம்.ஏ. தப்பிச்சிட்டு. பாரத்துல படிப்பு முறைன்னு ஒரு கட்டம் வரும், பி.எட்.டுக்கு அதுல உள்ளத உள்ளபடி எழுது. மாத்தி எழுதுனா யுனிவர்சிட்டிக்கு எழுதிக் கேக்கும்போது மாட்டிக்கிடுவ.

செல்வி மைனி: நானும் தபால்ல எம்.ஏ. முடிச்சிருக்கேனே

முருகன் அண்ணன்: நீ எங்க போற இப்ப

நெல்லையப்பன் மாமா: அடுத்து, தற்காலிகச் சான்று செல்லாது. பட்டமளிப்பு விழால குடுக்கது வேணும். அத அபிஷேகப்பட்டி யுனிவர்சிட்டில குடுத்து உண்மைத்தன்மைச் சான்று வாங்கு. அதோட சென்னை கோட்டைல உயர்கல்வித் துறை முத்திரை. அதுக்கு மேல வெளியுறவுத் துறை அப்போஸ்டில், அதாவது ஒப்பந்தத்துல உள்ள நாடுகள் ஏத்துக்கிடுத சான்று முத்திரை. வெளியுறவுத் துறை கவுன்டர்ல ஒன்கிட்ட நேர்ல வாங்க மாட்டாங்க, அவங்க நியமிச்ச ஏஜென்சி வழியாத்தான். அப்போஸ்டிலுக்கு அரசுக் கட்டணம் 50 ரூபாய், மேல அந்த ஏஜென்சி சேவைக் கட்டணம். வரிசைய மாத்தக் கூடாது. மாநில முத்திரை இல்லாம வெளியுறவுத் துறைக்குப் போனா அப்படியே திரும்பி வரும்.

இசக்கி: ஏஜென்ட் எம்பசி முத்திரைக்குன்னு தனியா 18,000 கேக்கான் மாமா

நெல்லையப்பன் மாமா: 2022 டிசம்பர் 7லேர்ந்து சவுதி அப்போஸ்டில் ஒப்பந்தத்துல இருக்கு. நாம 2005லயே சேந்தாச்சு. ரெண்டு நாடும் உள்ள இருந்தா எம்பசி முத்திரை தேவையில்ல. பழைய பழக்கத்துல இன்னமும் கேக்க கம்பெனி உண்டு. அப்படின்னா கம்பெனிய மெயில்ல எழுத்துல கேக்கச் சொல்லு. ஏஜென்ட் வாய்ல சொல்லுதத வச்சு 18,000 கட்டாத.

பரமு தம்மாம்: துபாய், கத்தார், குவைத்னா இது வேற. அங்க பழைய முறைதான். குழப்பிக்கிடாத

கோமதி: மாமா கல்யாண சர்ட்டிபிகேட்டும் வேணுமா

நெல்லையப்பன் மாமா: வேணும்மா. உன் குடும்ப விசாவுக்கு. அது கல்வித் துறை வழி போகாது, சொந்த ஆவணம்லா, கோட்டைல வேற துறை. பிள்ளையோட பிறப்புச் சான்றும் அதே வழிதான். மூணையும் ஒரே நடையா குடுத்துட்டா ஒரு பயணம் மிச்சம்.

பார்வதி சித்தி: சென்னைக்கு யாரு போக

முருகன் அண்ணன்: நெல்லை எக்ஸ்பிரஸ்ல ஏறுனா காலைல எழும்பூர்

பார்வதி சித்தி: யாருன்னு கேட்டேன்

(11 நிமிஷம் யாரும் ஒண்ணும் போடல)

பரமு தம்மாம்: இசக்கி, பாஸ்போர்ட்டும் எம்.ஏ.வும் பக்கத்துல பக்கத்துல வச்சு போட்டோ அனுப்பு

இசக்கி: (படம்)

பரமு தம்மாம்: நெனச்சேன்

நெல்லையப்பன் மாமா: அட சவமே. எம்.ஏ.ல 'ஐ' போட்டு இசக்கி, பாஸ்போர்ட்ல 'ஈ' போட்டு எசக்கி. எம்.ஏ.ல "மு." இனிஷியல், பாஸ்போர்ட்ல அப்பா பேரே இல்ல, குடும்பப் பேரு கட்டம் காலி.

முருகன் அண்ணன்: நம்ம ஊருல பாதி இசக்கிக்கு இதே சோலிதான்

பார்வதி சித்தி: பள்ளிக்கூடத்துல சேக்கும்போது பெரியத்தான்தான் எழுதுனாங்க

சங்கரன் பெரியப்பா: நான் சரியாத்தான் எழுதினேன். வாத்தியார் மாத்தினார்.

நெல்லையப்பன் மாமா: ரெண்டு பேரும் ஒரே ஆள்தான்னு நோட்டரி பத்திரம் எழுதிக் குடுக்கலாம், ஆனா அங்க இருக்கவன் ஏத்துக்கிடணும்னு இல்ல. பாஸ்போர்ட்ட திருத்தி வாங்குறதுதான் நல்லது. எம்.ஏ.ல உள்ள எழுத்துப்படியே பேரு, அப்பா பேர குடும்பப் பேரு கட்டத்துல விரிச்சு. ஆனா இத விசாவுக்கு முன்னாடி செய்யணும். திருத்துனா பாஸ்போர்ட் நம்பரே மாறிரும், கம்பெனி விசா தாள்ல பழைய நம்பர் நின்னுட்டுன்னா மொதலேர்ந்து ஓடணும்.

இசக்கி: வியாழக்கிழமைக்குள்ளயா மாமா

நெல்லையப்பன் மாமா: வியாழக்கிழமை பதில் மட்டும்தான். "சம்மதம், ஆனா பாஸ்போர்ட் புதுப்பிக்கேன், புது நம்பர் வந்ததும் அனுப்புதேன்"னு எழுது. கூடவே 4 கேள்வி. 10 மாசமா 12 மாசமா? வீடு தனியா, உள்ளயா? வாரம் எத்தன மணி கிளாஸ்? விசால தொழில் என்னன்னு போடுவீங்க?

கோமதி: தொழில்னா மாமா?

பரமு தம்மாம்: விசால விரிவுரையாளர்னு இருக்கணும். கம்பெனிக்கிட்ட மிச்சம் கிடக்க ஏதாவது விசால, கிளார்க்குன்னு அடிச்சு விட்டுருவான். அப்ப குடும்ப விசா இழுபறி ஆயிரும். அப்பறம் குடும்பம் வந்தா ஆளுக்கு மாசம் 400 ரியால் லெவி, அரசுக்குக் கட்டுத கட்டணம். நீயும் பிள்ளையும் சேத்து வருஷம் 9,600. இக்காமா (அங்க தங்குத அனுமதி அட்டை) புதுப்பிக்கையில கட்டணும். யாரு கட்டுவான்னு ஒப்பந்தத்துல இல்லன்னா இசக்கிதான்

கோமதி: 9,600 ரியாலா

பரமு தம்மாம்: ஆமா

கோமதி: அப்ப முதல் வருஷம் நாங்க இங்கனயே இருக்கோம்

பார்வதி சித்தி: அத பெறவு பேசுவோம் கோமதி

மதியம் 1.05

செல்வி மைனி: இன்னைக்கு யாரு வீட்ல சொதி

முருகன் அண்ணன்: நம்ம வீட்லதான். நீதான் வச்ச

செல்வி மைனி: குரூப்புல போட்டாத்தான் நாலு பேருக்குத் தெரியும்

நெல்லையப்பன் மாமா: தொடருதேன். மெடிக்கல். வளைகுடா மெடிக்கலுக்குப் பதியுத வஃபித் தளத்துல பணம் கட்டுனா அதுவே ஒரு சென்டர் ஒதுக்கும். நெஞ்சு எக்ஸ்ரே, எச்.ஐ.வி., மஞ்சக்காமாலை பி, சி எல்லாம் பாப்பாங்க. எக்ஸ்ரேல பழைய டிபி வடு தெரிஞ்சாலே தகுதியில்லன்னு போட்டுருவான். அது கணினில ஏறிட்டுன்னா ஆறு வளைகுடா நாட்டுக்கும் தெரியும். அதனால மெடிக்கல் தேறுத வரைக்கும் இப்ப இருக்க காலேஜ் வேலைய விட்டுராத.

சங்கரன் பெரியப்பா: பாடம் நடத்துவது எப்படி இருக்கும், அதைச் சொல்லு. அவன் வாத்தியார் வேலைக்குத்தானே போறான்.

நெல்லையப்பன் மாமா: நல்ல கேள்வி அத்தான். ஸ்கூல் முடிச்சு நேரா வந்த பயலுவ. வாரம் 18, 20 மணி கிளாஸ் சாதாரணம். ஞாயிறுலேர்ந்து வியாழன் வரை, வெள்ளி சனி லீவு, 2013ல மாத்துனது. ஆம்பளப் பயலுவளுக்கு ஆம்பள வாத்தியார், பொண்ணுங்க பிரிவுக்குப் பெண் ஆசிரியர். 25 சதவீத கிளாஸுக்கு மேல லீவு போட்டா பரீட்சை எழுத விடாத முறை பல யுனிவர்சிட்டில உண்டு, ஹிர்மான்னு சொல்லுவாங்க. வருகைப் பதிவுல அன்னன்னைக்கு போட்டுரணும். பின்னாடி உக்காந்து நிரப்புனா, கடைசி வாரம் பயலுவ கூட்டமா வந்து நிக்கும்போது ஒன்கிட்ட தாள் இருக்காது.

நெல்லையப்பன் மாமா: அரபில பஸ்ஸுக்குச் சொல்லுத 'ப' (b) உண்டு, ஆனா பேனாவுக்குச் சொல்லுத 'ப' (p) கிடையாது. அதனால பேப்பர் "பேபர்" (baber) ஆகும், ரெண்டு இடத்துலயும் பஸ்ஸுல வர 'ப' போட்டு. எழுத்துல குறில் உயிரெழுத்த எழுதாமலே பழகுனவங்க, அதனால இங்கிலீஷ் ஸ்பெல்லிங்ல உயிரெழுத்த முழுங்கிருவாங்க. "அவன் மாணவன்"னா நடுவுல வினை வேண்டாம்லா, அரபிலயும் வேண்டாம். அதனால "ஹி ஸ்டூடண்ட்". நம்ம மேலப்பாளையத்துப் பயலும் அதே தப்புதான் செய்வான், அதுல ஒனக்கு அமெரிக்கக்காரன விட சௌகரியம்.

முருகன் அண்ணன்: மாமா இந்த இலக்கணம் எல்லாம் கொடைல பேசலாம்

நெல்லையப்பன் மாமா: இன்டர்வியூல இதத்தாம்லே கேப்பான்

இசக்கி: கேட்டாங்க மாமா. பிரசன்ட் பெர்பெக்ட் எப்படி நடத்துவன்னு

பரமு தம்மாம்: முக்கியமான விஷயம். கசகசா

பார்வதி சித்தி: என்னது

பரமு தம்மாம்: சித்தி நீங்க அரைச்சுக் குடுக்க குருமாப் பொடி. அதுல கசகசா உண்டுல்லா. சவுதில அது போதைப் பொருள் கணக்கு. ஒரு ஸ்பூன் இருந்தாலும் ஏர்போர்ட்லயே கேஸ், ஜெயில். வறுத்தது, அரைச்சது, மசாலால கலந்தது எதுவும் கூடாது

நெல்லையப்பன் மாமா: கோடீன் உள்ள இருமல் மருந்து, டிராமடால், தூக்க மாத்திரை இதுவளும் அப்படித்தான். டாக்டர் சீட்டு மட்டும் போதாது, முன்கூட்டி அவங்க அனுமதி வாங்கணும்.

பார்வதி சித்தி: அல்வா கொண்டு போலாமா

பரமு தம்மாம்: அல்வா தாராளமா. எனக்கும் ஒரு கிலோ

செல்வி மைனி: எனக்கு அங்கேர்ந்து பேரீச்சம்பழம்

சங்கரன் பெரியப்பா: சேரும் தேதி என்ன?

இசக்கி: ஆகஸ்ட் 10க்குள்ளன்னு போட்டிருக்கு பெரியப்பா

சங்கரன் பெரியப்பா: ஆடி கடைசி வெள்ளிதான் கொடை. இந்த வருஷம் மாலை போட்டு நிக்க வேண்டியது உன் முறை.

பார்வதி சித்தி: அத்தான் முருகன் நிக்கக் கூடாதா

முருகன் அண்ணன்: நான் போன வருஷம் நின்னேம்லா

சங்கரன் பெரியப்பா: இசக்கி அப்பா, என் தம்பி, உயிரோட இருந்தா இப்படி விட்டிருப்பானா.

(பார்வதி சித்தி ஒரு செய்தியை நீக்கிவிட்டார்)

நெல்லையப்பன் மாமா: அத்தான், பாஸ்போர்ட் திருத்தி, முத்திரை எல்லாம் வாங்கி, மெடிக்கல் பாத்து, விசா அடிச்சு வரதுக்கே ஆகஸ்ட் தாண்டும்னு நெனைக்கேன். சேர தேதிய செப்டம்பர் மொத வாரத்துக்குத் தள்ளிக் கேக்கட்டும். அதுக்கு மேல போகக் கூடாது. செப்டம்பர் 28க்குள்ள கிளம்பிட்டா இந்த நிதி ஆண்டுல இந்தியால 182 நாள் ஆகாது, வெளிநாடுவாழ் கணக்குல வந்துரும். அங்க சம்பாதிக்கதுக்கு இங்க வரி இல்ல. இங்க உள்ள சேமிப்புக் கணக்க வெளிநாடுவாழ் ஆளுக்கான என்ஆர்ஓ கணக்கா மாத்தணும், அங்கேர்ந்து சம்பளம் அனுப்ப என்ஆர்இ கணக்கு தனியாத் தொறக்கணும்.

முருகன் அண்ணன்: அப்ப கொடை முடிஞ்சு போலாம். பிரச்சினை தீந்துச்சு

இசக்கி: கம்பெனி ஒத்துக்கிடணும்லா அண்ணே

பரமு தம்மாம்: கேளு. ஆள் கிடைக்காம திணறுத நேரம்தான்

பார்வதி சித்தி: சென்னைக்கு யாரு போகன்னு இன்னும் யாரும் சொல்லல

முருகன் அண்ணன்: செவ்வாய்க்கிழமை எனக்குத் தாம்பரத்துல ஒரு சோலி இருக்கு. பாக்கேன்

செல்வி மைனி: என்ன சோலி? என்கிட்ட சொல்லல

நெல்லையப்பன் மாமா: உண்மைத்தன்மை வராம சென்னை போய் என்னலே செய்யப் போற? மொதல்ல அபிஷேகப்பட்டி.

இசக்கி: நாளைக்கு நான் போறேன் மாமா. மெயில எழுதி உங்களுக்கு அனுப்புதேன், பாத்துட்டு சொல்லுங்க. ஏஜென்ட்கிட்ட லைசென்ஸ் நம்பர் கேட்டிருக்கேன், இன்னும் பதில் இல்ல

பரமு தம்மாம்: ரெண்டு டிக் வந்துட்டா

இசக்கி: நீலம் ஆயிட்டுண்ணே

சங்கரன் பெரியப்பா: கொடை வரி இந்த வருஷம் தலைக்கட்டுக்கு 3,000. வெளிநாட்டில் இருப்பவங்களுக்கு 5,000. பரமு ரெண்டு வருஷம் பாக்கி.

பரமு தம்மாம்: பெரியப்பா நெட் சரியில்ல