ப்ளக்கை உருவின பொறவும் டிவி போர்டுல 200 வோல்ட் நிக்குது, எப்படி இறக்கறது?

வாய்க்கால்மேடு, கோபி:

வணக்கமுங்க. 32 இஞ்ச் எல்.இ.டி. டிவி ஒண்ணு, ஸ்டேண்ட்பை லைட்டே எரியறதில்லை. பின்மூடியைக் கழட்டிப் பார்த்ததுல ஃப்யூஸ் நல்லா இருக்குது. பெரிய கெப்பாசிட்டர் 68 மைக்ரோஃபாரட், 450 வோல்ட். கரண்ட் குடுத்து அளந்தா அதுமேல 318 டி.சி. காட்டுது. ப்ளக்கை உருவி அரைமணி நேரம் கழிச்சு அளந்தாலும் 210 நிக்குதுங்க. போர்டைத் தொடவே யோசனையா இருக்குது.

மூணு சந்தேகமுங்க. ஸ்க்ரூடிரைவர் வெச்சு ரெண்டு காலையும் ஷார்ட் பண்ணி இறக்கலாமுங்களா? சீரியஸ் பல்பு (வர்ற கம்பியிலயே நடுவுல ஒரு குண்டு பல்பு) போட்டு, ஸ்டெபிலைசர் வழியா கரண்ட் குடுத்தா ஷாக் அடிக்காதுன்னு சொல்றாங்க, நெசந்தானுங்களா? தோட்டத்து வீடு, சுக்காம்பாறை பூமி, எர்த்து சரியா இல்லை. 30 மில்லியாம்ப் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிஞ்சா தானே விழற சுவிட்ச்) மாட்டியிருக்குது, அது காப்பாத்துமுங்களா?

சர்வீஸ்மேசை, திருப்பூர்:

அரைமணி நேரம் வோல்ட் நிக்கறதுலயே பாதி விடை இருக்குதுங்க. ஓடிக்கிட்டிருக்கற போர்டு, ப்ளக்கை உருவினதும் அந்த கெப்பாசிட்டர்ல இருக்கற சார்ஜைத் தானே தின்னு தீர்த்துடும். போர்டை ஓட்டற ஐ.சி. ஸ்டார்ட் ஆகாத போர்டுல அதை இழுக்க ஆளே கிடையாது. அதனால செத்த போர்டைத்தான் உயிரோட இருக்கறதை விட ஜாஸ்தி சந்தேகப்படோணும்.

230 ஏ.சி.யோட உச்சம் 325. 68 மைக்ரோஃபாரட்ல அந்த வோல்ட் ஏறினா 3.6 ஜூல் நிக்குது. கையை உதறி, ஹீட்சிங்க் விளிம்புல கிழிச்சுக்கவோ, மடியில இருக்கற பேனலை உடைக்கவோ அது போதும். பெரிய சைஸ் டிவியில பி.எஃப்.சி. (பவர் ஃபேக்டரைச் சரி பண்ற சர்க்யூட்) இருந்தா 380, 400 வரைக்கும் ஏறும், கெப்பாசிட்டரும் ரெண்டு இருக்கும்.

ஸ்க்ரூடிரைவர் வேண்டாமுங்க. ஷார்ட் பண்ணுன எடத்துல பிரிண்ட் ட்ராக் உரிஞ்சு வந்துடும், கெப்பாசிட்டருக்கும் கெடுதல், பொறி கண்ணுல தெறிக்கும். 4.7 கிலோ ஓம், 10 வாட் செராமிக் ரெசிஸ்டர் ஒண்ணு வாங்குங்க. ஒரு பக்கம் முதலைக் கிளிப், மறுபக்கம் நல்ல மீட்டர் ப்ரோப், ரெசிஸ்டர் கால்மேல ஸ்லீவ். ப்ளக்கை உருவிட்டுக் கிளிப்பை கெப்பாசிட்டரோட மைனஸ்ல மாட்டுங்க. பொறவு ஒத்தைக் கையில ப்ரோப்பை ப்ளஸ்ல வெச்சு 5 செகண்ட் பிடிங்க. 68க்கு ரெண்டு செகண்டுக்குள்ளயே இறங்கிடும், மிச்சம் நம்ம நிம்மதிக்கு. அடுத்து மீட்டரை டி.சி. 600 ரேஞ்சுல வெச்சு அளந்து, 10க்குக் கீழ வந்தாத்தான் கையை வைக்கோணும்.

இதுல ரெண்டு தப்பு நடக்கும். இறக்கின கெப்பாசிட்டர் சித்தெ நேரத்துல தானே கொஞ்சம் வோல்ட் ஏத்திக்கும், அதனால சால்டரிங் முடியற வரைக்கும் ப்ரோப் முனையையும் ஒரு கிளிப்பால ப்ளஸ்ல பிடிச்சு வெச்சுக்கங்க. அதை எடுக்க மறந்துட்டுக் கரண்ட் குடுத்தா 10 வாட் ரெசிஸ்டர்மேல 22 வாட் ஏறும். புகைஞ்ச பொறவுதான் ஞாபகம் வரும். சிவப்புத் துணியோ டேப்போ கட்டித் தொங்க விட்டுட்டா கண்ணுக்குத் தப்பாது.

ரெசிஸ்டர் கிடைக்கலைன்னா 25 வாட் சால்டரிங் அயர்னோட ப்ளக் முள்ளு ஒவ்வொண்ணையும் தனித்தனி வயர் வெச்சுக் கெப்பாசிட்டரோட ஒவ்வொரு காலுல தொடுத்துக்கலாம், அதுவே 2 கிலோ ஓமுக்குப் பக்கம் வரும். எல்.இ.டி. பல்பு ஆகாதுங்க. கொஞ்ச தூரம் இறக்கிட்டு மிச்சத்தை அப்படியே விட்டுடும்.

காயில்கடை, பீளமேடு:

ரெண்டாவது சந்தேகத்துக்கு வர்றனுங்க. ஸ்டெபிலைசருக்குள்ள இருக்கறது ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர். உள்ள வர்ற நியூட்ரலும் வெளிய போற நியூட்ரலும் ஒரே கம்பி. டிம்மர்ஸ்டாட்டும் அதே சாதிதான். வோல்ட் கூடும், குறையும், ஆனா பூமியில இருந்து பிரிக்காது.

சீரியஸ் பல்பு போர்டுக்குக் காவல், ஆளுக்குக் காவல் இல்லீங்க. 100 வாட் குண்டு பல்பு, இழை சில்லுனு இருக்கறப்ப 40 ஓம் கூட வராது. உடம்பு ஆயிரம், ரெண்டாயிரம் ஓம். ரெண்டும் சீரியஸ்ல நின்னா 230ல கிட்டத்தட்ட எல்லாமே உடம்புமேலதான் விழும். பல்பு மினுக்கக் கூட மினுக்காது.

ஆனா போர்டைக் காப்பாத்த அதை விட நல்ல சாமான் கிடையாது. ஃபேஸ் கம்பியில போடுங்க, நியூட்ரல்ல வேண்டாம். முதல்ல ஒரு மின்னல், உடனே அணைஞ்சா சரி. முழு வெளிச்சத்துல நின்னா பிரிட்ஜோ (ஏ.சி.யை டி.சி. ஆக்கறது) மாஸ்ஃபெட்டோ (வேகமா சுவிட்ச் பண்றது) ஷார்ட். படம் வந்து பேக்லைட் எரியறப்ப பல்பு மினுக்கி மினுக்கி டிவி ஆஃப் ஆச்சுன்னா ஃபால்ட்டுன்னு நெனைக்காதீங்க, பல்பு வோல்ட்டைத் தின்னுடறதால வர்றது. குண்டு பல்பு இப்ப கிடைக்கறதில்லைம்பாங்க. கோழிக்குஞ்சுக்கு சூடு போடறதுக்கு அதைத்தான் வாங்கறாங்க, பல்லடம், நாமக்கல் பக்கம் பண்ணைச் சாமான் கடையில கேட்டுப் பாருங்க.

நெசமா பிரிக்கோணும்னா 1:1 ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர். நம்ம பக்கம் மோட்டார் காயில் கட்டற கடைக்கா பஞ்சம்? 230க்கு 230, 500 வி.ஏ.ன்னு சொல்லிக் கட்டச் சொல்லுங்க. ப்ரைமரிக்கும் (கரண்ட் உள்ள வர்ற காயில்) செகண்டரிக்கும் (வெளிய போற காயில்) நடுவுல நல்ல இன்சுலேஷன் பேப்பர் வேணும், நடுத்தடுப்பு வெச்ச பாபின்ல தனித்தனியாச் சுத்தினா இன்னும் நல்லது. கையில வாங்கறப்பவே 500 வோல்ட் மெக்கர்ல (இன்சுலேஷன் பார்க்கற மீட்டர்) ரெண்டு காயிலுக்கும் நடுவுல, ஒவ்வொரு காயிலுக்கும் கோருக்கும் நடுவுல பார்த்து வாங்குங்க. செகண்டரியில எந்த முனையையும் எர்த்துல சேர்க்கக் கூடாது, சேர்த்தா வாங்கினதே வீண். சீரியஸ் பல்பை இந்த டிரான்ஸ்ஃபார்மருக்குப் பொறவு போடோணும்.

பிரிச்சாச்சுன்னு ரெண்டு கையையும் உள்ள விட்டுடாதீங்க. ஒரு கை ப்ளஸ்லயும் மறு கை ஹாட் சைடு (மெயின்ஸ் கரண்ட் நேரா வர்ற பக்கம்) மைனஸ்லயும் பட்டா டிரான்ஸ்ஃபார்மருக்கு இதுல வேலையே இல்லை, நேரா நெஞ்சு வழியாத்தான் போகும்.

வயரிங், சென்னிமலை:

ஆர்.சி.சி.பி. பத்திச் சொல்லிடறன். போற கரண்டும் திரும்பற கரண்டும் வித்தியாசப்பட்டாத்தான் அது விழும். ஃபேஸைத் தொட்டு உங்க உடம்பு வழியா பூமிக்குப் போனா விழும், வீட்டுல எர்த்துக் கம்பி இல்லாட்டியும் விழும். ஆனா அப்ப நீங்கதான் எர்த்துக் கம்பி! ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவுல மாட்டினா அதுக்கு நீங்களும் ஒரு பல்புதான், விழாது. ஐசொலேஷனுக்குப் பின்னாடி விழாது. கெப்பாசிட்டர் சார்ஜ் பத்தி அதுக்கு ஒண்ணுமே தெரியாது.

சுக்காம்பாறையில எர்த்து 100 ஓம்னு வெச்சுக்குங்க. பாடியில ஃபேஸ் பட்டா 2.3 ஆம்ப் போகும், 16 ஆம்ப் எம்.சி.பி. (கரண்ட் ஜாஸ்தியானா விழற சுவிட்ச்) அசையாது. ஆர்.சி.சி.பி. அதுக்கே விழுந்துடும். அதனால நீங்க மாட்டினது சரி. மாசம் ஒருக்கா டெஸ்ட் பட்டனை அமுக்குங்க. எர்த்துக் குழியைச் சலதாரைப் பக்கம், ஈரம் காயாத எடத்துல, இரண்டரை மீட்டர் ஜி.ஐ. பைப்போட போடுங்க. பாறை வந்து ஒரே குழியில இறங்கலைன்னா ரெண்டு, மூணு எடத்துல எறக்கி இணைக்கலாம்.

எர்த்து இல்லைன்னு சாக்கெட்டுக்குள்ள நியூட்ரலையும் எர்த்து முள்ளையும் வயர் போட்டுச் சேர்த்துடாதீங்க. எங்காச்சும் நியூட்ரல் அந்துச்சுன்னா கிரைண்டர், ஃப்ரிட்ஜு எல்லாத்தோட பாடியிலயும் 230 ஏறி நிக்கும்.

யு.பி.எஸ். இருக்கற வீட்டுல மெயினை இறக்கினாலும் பாதி சாக்கெட்டுல கரண்ட் இருக்கும். டிவியோட சுவிட்ச் எந்தக் கம்பியை வெட்டுதுன்னும் நம்ப முடியாது, ரெண்டு முள்ளு ப்ளக்கைத் திருப்பிப் போட்டா நியூட்ரலை வெட்டும். உருவின ப்ளக் கண்ணுக்கு முன்னாடி மேசைமேல கெடக்கோணும்.

வாய்க்கால்மேடு, கோபி:

ரொம்ப நன்றிங்க. 4.7 கே வாங்கி இறக்கிட்டேன், 3 வோல்ட்தான் காட்டுது. கரண்ட் இருக்கறப்ப அளந்ததுல ஒரு குழப்பமுங்க. கறுப்பு ப்ரோப்பை ட்யூனர் பாடியில வெச்சா அதே கெப்பாசிட்டர் ப்ளஸ்ல 318க்குப் பதிலா ஏதேதோ எண் ஓடுது. மீட்டர் கெட்டுப் போச்சுங்களா?

சர்வீஸ்மேசை, திருப்பூர்:

மீட்டர் நல்லாத்தான் இருக்குது தம்பி. ட்யூனர் பாடி கோல்ட் கிரவுண்ட் (மெயின்ஸ்ல இருந்து பிரிஞ்சது), பெரிய கெப்பாசிட்டரோட மைனஸ் ஹாட் கிரவுண்ட் (மெயின்ஸோட சேர்ந்தது). ரெண்டும் ஒண்ணு இல்லை. போர்டுல வெள்ளைக் கோடு போட்டிருப்பாங்க, இல்லைன்னா பச்சைப் பூச்சுக்கு அடியில ட்ராக்கே இல்லாத சந்து ஒண்ணு ஓடும். அதைத் தாண்டறது டிரான்ஸ்ஃபார்மர், ஆப்டோகப்ளர் (வெளிச்சத்தால சிக்னல் கடத்தறது), நீல நிற ஒய் கெப்பாசிட்டர், இவ்வளவுதான். ஹாட் பக்கம் அளக்கறப்பக் கறுப்பு ப்ரோப் அந்த மைனஸ்லயே இருக்கோணும். ரெண்டையும் வயர் போட்டுச் சேர்த்தா எச்.டி.எம்.ஐ. ஓட்டை, டிஷ் கேபிள் எல்லாமே கரண்டாயிடும்.

318 நிக்குது, ஃப்யூஸ் நல்லா இருக்குதுன்னா பிரிட்ஜ் வேலை செய்யுது, மாஸ்ஃபெட் ஷார்ட் ஆகியிருக்க வாய்ப்பு குறைவு. ப்ளஸ்ல இருந்து ஐ.சி.க்குப் போற ஸ்டார்ட்டிங் ரெசிஸ்டரைப் பாருங்க. சில போர்டுல ரெண்டு மூணு சீரியஸ்ல, ஒவ்வொண்ணும் சில நூறு கிலோ ஓம் இருக்கும். ஒண்ணு ஓப்பனானாலும் ஐ.சி. எந்திரிக்காது. சார்ஜை இறக்கிட்டு, கரண்ட் இல்லாம ஓம்ஸ்ல அளங்க. அது சரின்னா ஐ.சி.யோட வி.சி.சி. காலுல (அதுக்கு சப்ளை வர்ற கால்) இருக்கற 22 இல்லை 47 மைக்ரோஃபாரட், 50 வோல்ட் கெப்பாசிட்டரை மாத்திப் பாருங்க, சூட்டுக்குப் பக்கத்துல இருக்கறதால காஞ்சு போயிரும்.

வோல்ட் பார்க்கறதுக்கு முன்னாடி சிவப்பு வயர் 10 ஆம்ப் ஓட்டையில மாட்டியிருக்குதான்னு ஒருக்கா பாருங்க. அதுல மாட்டி 318ஐத் தொட்டா நேரடி ஷார்ட், விலை குறைஞ்ச மீட்டர்ல அந்த ஓட்டைக்கு ஃப்யூஸே கிடையாது.

காயில்கடை, பீளமேடு:

இன்னொண்ணு. ஸ்டேட்டிக்குக்காகக் கையில கட்டற ரிஸ்ட் ஸ்ட்ராப்பைக் கரண்ட் குடுத்து அளக்கறப்பக் கழட்டிடுங்க, காப்பு, மோதிரமும் அப்படித்தான். பேக்லைட் கனெக்டரைக் கழட்டிட்டு ஓட்டினா அந்தப் பக்கம் 100, 200 வோல்ட் வரைக்கும் ஏறலாம், கோல்ட் சைடுதானேன்னு விரலை வெச்சுடாதீங்க. மைக்ரோவேவ் அடுப்புக்கு இந்த 4.7 கே சாமான் ஆகவே ஆகாது. அங்க ஆயிரக்கணக்குல வோல்ட், நம்ம மீட்டரே அதுக்குத் தாங்காது. அதைத் திறக்காம விடுங்க.