அம்மாயி வீடு குழு: ஆடி மாதத்தில் உருண்டை கழுவல்

சுமதி சித்தி: [படம்]

சுமதி சித்தி: பவி கண்ணு, இதைக் கொஞ்சம் பார். மாடியில் மண்ணில்லாமல் உரத்தண்ணியில் வளர்த்த லெட்யூஸ் கீரை எல்லாம் அறுத்து முடிந்தது. குழாயிலிருந்து கப்புகளை எடுத்தால் களிமண் உருண்டை மேல் வெள்ளை வெள்ளையாகப் படிந்திருக்கிறது. பூஞ்சணமா? தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்கவா?

கோபி பெரியப்பா: ஆடிப்பட்டம் தேடி விதை என்றுதான் நான் கேள்விப்பட்டிருக்கிறேன். கழுவி விதை என்று எவரும் சொல்லவில்லையே அம்மணி.

கார்த்தி: அப்பா ஆரம்பிச்சாச்சு.

சுமதி சித்தி: மாமா, உங்களுக்குத் தோட்டம் இருக்குதுங்க. எங்க மொட்டை மாடியில் தண்ணி டேங்கும் துணி காயப்போடுகிற கம்பியும்தான் இருக்குது.

பவித்ரா: சித்தி, தூக்கிப் போட்டுடாதீங்க. நகத்தால் சுரண்டிப் பாருங்க. நூல் நூலாக வந்தால் பூஞ்சணம். பொடியாக உதிர்ந்தால் உப்பு.

சுமதி சித்தி: பொடியாகத்தான் உதிருது.

பவித்ரா: அப்போ உப்புதான். உரத்தண்ணி உருண்டை வழியாக மேலே ஏறுது, தண்ணி ஆவியாகிப் போகுது, உப்பு அங்கேயே நின்றுவிடுது. நீங்கள் போர் தண்ணிதானே ஊற்றுறீங்க? அதிலுள்ள சுண்ணாம்பும் கூடச் சேர்ந்திருக்கும். ஒரு உருண்டையை மட்டும் வினிகரில் போட்டுப் பாருங்களேன்.

சுமதி சித்தி: போட்டேன். சுர்ரென்று சின்னச் சின்னக் குமிழியாக வருது. பக்கத்து வீட்டுப் பொடியன் வந்து நின்று வேடிக்கை பார்க்கிறான்.

பவித்ரா: அந்தக் குமிழிதான் சுண்ணாம்பு கரைகிறதுக்கு அடையாளம்.

கார்த்தி: சித்தி, பிளீச் ஒரு மூடி, வினிகர் ஒரு மூடி, ரெண்டையும் ஒரே பக்கெட்டில் ஊற்றி ஊறவையுங்க. உப்பும் போகும், கிருமியும் போகும். ஒரே வேலை.

பவித்ரா: வேண்டாம் சித்தி!! கார்த்தி, அந்த மெசேஜை முதலில் அழி. பிளீச்சில் வினிகரோ, எலுமிச்சை உப்போ, பாத்ரூம் கழுவுகிற ஆசிட்டோ, எந்தப் புளிப்புப் பட்டாலும் குளோரின் வாயு கிளம்பும். மூச்சு முட்டும், நுரையீரலே புண்ணாகும். திறந்த மாடி என்றாலும் ஆபத்துதான்.

இந்தச் செய்தி நீக்கப்பட்டது

கோபி பெரியப்பா: இவனை இஞ்சினியருக்குப் படிக்க வைத்தேன் பாருங்க.

சுமதி சித்தி: நல்லவேளை, பக்கெட்டை இன்னும் எடுக்கவே இல்லை. சரி, எதை முதலில் செய்கிறது? வரிசையாகச் சொல் கண்ணு.

பவித்ரா: முதல் வேலை வேர் எடுக்கிறது. பிளீச் எல்லாம் அப்புறம்தான். வேரும் பாசியும் ஒட்டிக்கொண்டிருக்கும்போது பிளீச் ஊற்றினால், குளோரின் அந்த அழுக்கோடு சேர்ந்தே தீர்ந்துபோகும். கிருமி வரைக்கும் போய்ச் சேராது. ரொம்பப் பேர் இங்கேதான் கோட்டை விடுறாங்க. நல்லா ஊற்றினோமே, மறுபடியும் வேர் அழுகுதே என்பாங்க.

பவித்ரா: உருண்டையை ரெண்டு நாள் காயவிடுங்க. ஈர வேர் உருண்டையோட ஓட்டைக்குள் புகுந்து பிடித்துக்கொள்ளும், இழுத்தால் அறுந்து பாதி உள்ளேயே நிற்கும். காய்ந்தால் மொறுமொறுவென்று தானாக உதிரும். சின்ன வெங்காயம் வருகிற வலைப்பை இருக்குமே, அதில் பாதி அளவு போட்டு வாயைக் கட்டி, ரெண்டு கையாலும் தேய்த்துக் குலுக்குங்க. வேர்த்தூள் வலை வழியாக இறங்கிவிடும். அப்படியே பையோடு தண்ணியில் அலசுங்க, தண்ணி தெளியும் வரைக்கும்.

சுமதி சித்தி: வெங்காயப் பை நிறையக் கிடக்குது.

பவித்ரா: அலசின பிறகு வினிகர் கலந்த தண்ணியில் ஒரு ராத்திரி ஊறட்டும். வெள்ளை போய்விடும். காலையில் நல்லா அலசிவிடுங்க, புளிப்பு வாசனையே இருக்கக் கூடாது. அதற்கப்புறம்தான் பிளீச். கடையில் விற்கிற திரவ பிளீச் ஒரு பங்கு, தண்ணி 9 பங்கு, அரை மணி நேரம். கைக்கு உறை போட்டுக்கோங்க. திரும்ப மூணு நாலு தண்ணி அலசி வெயிலில் பரப்புங்க.

அம்மா: பிளீச்சிங் பவுடர் வீட்டில் இருக்குதே, டேங்க் கழுவ வாங்கினது. அது ஆகாதா?

பவித்ரா: ஆகும்மா. ஆனால் அதில் சுண்ணாம்பு அடியில் தங்கும். இப்போதான் சுண்ணாம்பைக் கரைத்தோம், மறுபடி எதற்கு ஏற்றணும்? பிளீச் நாற்றமே வேண்டாம் என்றால் மெடிக்கலில் ஹைட்ரஜன் பெராக்சைடு வாங்கிக்கலாம். பாட்டிலில் 6 சதவீதம் அல்லது 20 வால்யூம் என்று போட்டிருந்தால் சம அளவு தண்ணி கலந்தால் 3 சதவீதம். அது கடைசியில் தண்ணியும் ஆக்சிஜனுமாகப் பிரிந்துவிடும், மிச்சம் எதுவும் நிற்காது. இதையும் பிளீச்சோடு சேர்க்காதீங்க.

கார்த்தி: கொதிக்க வைத்தால் போதாதா? இதைக் கேட்கலாம்தானே?

பவித்ரா: கேட்கலாம். கொஞ்சம்தான் இருக்குதென்றால் அதுதான் சுலபம், பத்து நிமிஷம் கொதித்தால் போதும். சமையல் பாத்திரம் மட்டும் வேண்டாம். சித்தி வைத்திருப்பது ரெண்டு மூட்டை, எந்த அடுப்பில் ஏற்றுவது?

சுமதி சித்தி: எத்தனை தடவைதான் இப்படிக் கழுவிக் கழுவிப் போடலாம்?

பவித்ரா: உடைந்து தூளாகிற வரைக்கும். சூளையில் ஆயிரம் டிகிரிக்கு மேல் சுட்டு எடுத்த களிமண், மக்காது. வருஷக்கணக்கில் ஓடும். திரும்பப் போடும் முன்னால் ஒரு நாள் புளிப்பு அளவு, அதுதான் pH, 5.5 முதல் 6 வரைக்கும் உள்ள தண்ணியில் ஊறவைத்துவிடுங்க.

பொள்ளாச்சி மாமா: காலையிலிருந்து களத்தில் நின்றேன், இப்போதான் பார்க்கிறேன். ஆடிக்காற்று பித்தை, அதுதான் கோகோபீட் ஆக்குகிற தென்னை மட்டைத்தூளை, களத்தில் நிற்கவிட மாட்டேங்குது. பாலக்காட்டுக் கணவாயிலிருந்து நேராக எங்க தலை மேல்தான் இறங்குது. சுமதி, தக்காளி போட்டிருந்த வாளியில் கோகோபீட்தானே போட்டிருந்தாய்? அதை என்ன செய்தாய்?

சுமதி சித்தி: அப்படியே இருக்குதுங்க அண்ணா. அதற்கும் பிளீச் ஊற்றிவிடலாம் என்று இருந்தேன்.

பொள்ளாச்சி மாமா: அதில் ஊற்றாதே. பித் பூராவும் மட்டைத்தூள்தானே. பவி சொன்னது மாதிரி பிளீச் அதிலேயே தீர்ந்துபோகும், மிச்சம் உள்ளே நின்று அடுத்த செடியோட வேரைச் சுடும். பித்துக்கு வேண்டியது தண்ணிதான். வேரைப் பிரித்து எடுத்துவிட்டு, ஓட்டை வாளியில் போட்டு, மேலே ஊற்றிக் கீழே வடிய விடு. வடிகிற தண்ணியில் டிடிஎஸ் மீட்டரை வை, எவ்வளவு உப்பு கரைந்திருக்குதென்று காட்டும். ஊற்றுகிற தண்ணிக்கும் வடிகிற தண்ணிக்கும் பெரிய வித்தியாசம் இல்லாமல் வந்தால் நிறுத்திக்கலாம்.

சுமதி சித்தி: எங்க போர் தண்ணியே ஆயிரத்துக்கு மேல காட்டுதே அண்ணா.

பொள்ளாச்சி மாமா: அதில் கழுவினால் எங்கிருந்து உப்பு இறங்கும்? முதல் தண்ணி போர் தண்ணியாக இருக்கட்டும், கடைசித் தண்ணி மழைத்தண்ணியோ ஆர்ஓ தண்ணியோ ஊற்று. ஆர்ஓவில் கழிவாக வெளியே விடுகிற தண்ணியை எடுத்துவிடாதே, அதில்தான் உப்பு அதிகம்.

கார்த்தி: இங்கே கோவையில் சிறுவாணித் தண்ணி வருது. கேன் கொண்டு வாங்க சித்தி.

கோபி பெரியப்பா: அதைக் குடிக்கிறதுக்கே ஊரெல்லாம் ஏங்குது.

பவித்ரா: மாமா, புது பித்தை கால்சியம் நைட்ரேட்டில் ஊறவைப்பீங்களே, பழசுக்கும் செய்யணுமா?

பொள்ளாச்சி மாமா: தேவைப்படாது. மட்டைக்குள் இயற்கையாகவே பொட்டாசியமும் சோடியமும் இருக்குது. புதுசாகப் போட்டால் அது உரத்தண்ணியில் உள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு இவைகளை விடும், செடிக்குக் கால்சியம் பத்தாமல் போகும். தக்காளியின் அடிப்பக்கம் கருகுவதற்கு அதுவும் ஒரு காரணம். ஒரு வெள்ளாமை எடுத்த பித்தில் அந்த வேலை முடிந்திருக்கும்.

பொள்ளாச்சி மாமா: ஆனால் பித் உருண்டை மாதிரி இல்லை, மக்கிக்கொண்டே வரும். கையில் ஒரு பிடி எடுத்து அழுத்திப் பார். தண்ணி வடிந்து, கையை விட்டதும் பொலபொலவென்று பிரிந்தால் இன்னொரு தடவை போடலாம். சேறாக விரலிடுக்கில் வழிந்தால் அதோட ஆயுள் முடிந்தது. உள்ளே காற்று நிற்காது, வேர் மூச்சு விட முடியாது. ரெண்டு மூணு வெள்ளாமைக்கு மேல் இழுக்காதே.

கோபி பெரியப்பா: ஆயுள் முடிந்ததையெல்லாம் இங்கே அனுப்பி விடுங்க. மஞ்சள் காட்டுக்குப் போட்டுக்கிறேன். ஈரம் நிற்கும்.

பவித்ரா: பெரியப்பா, ஒரு நிமிஷம். சித்தி, கடைசி வாளித் தக்காளி எப்படிச் செத்தது?

சுமதி சித்தி: மத்தியானம் வாடும், சாயங்காலம் எழும். ஒரு நாள் எழவே இல்லை. பிடுங்கினால் வேர் பழுப்பாக, வழுவழுவென்று, மேல்தோல் கையோடு உருவிக்கொண்டு வந்தது. ஒரு மாதிரி நாற்றம்.

பவித்ரா: அது வேரழுகல் மாதிரிதான் தெரியுது, பித்தியம் என்கிற கிருமியாக இருக்கலாம். பெரியப்பா, மஞ்சளில் கிழங்கழுகல் வருகிறதே, அதற்குக் காரணமும் பித்தியம் இனம்தான். அந்த வாளிப் பித் ஒரு கைப்பிடி கூட உங்க காட்டுக்கு வரக் கூடாது.

கோபி பெரியப்பா: அடேங்கப்பா. அப்படியென்றால் அது ஈரோடு ஜில்லாப் பக்கமே வர வேண்டாம் சாமி.

சுமதி சித்தி: வெயிலில் காயவைத்தால் சாகாதா?

பவித்ரா: சித்திரை வைகாசி என்றால், நனைத்து, கண்ணாடிப் பாலித்தீனில் காற்றுப் போகாமல் மூடி நாலு முதல் ஆறு வாரம் வைக்கச் சொல்வேன். ஆடியில் மேகமும் காற்றும்தான், சூடே ஏறாது. அந்த ஒரு வாளியை மூட்டையாகக் கட்டிக் குப்பை வண்டியில் போட்டுடுங்க. வாளியையும் சொட்டுக் குழாயையும் பிளீச் தண்ணியில் ஊறவையுங்க. குழாயின் உள்பக்கம் துடைக்க உங்க ஊரில் பனியன் வேஸ்ட்டுக்கா பஞ்சம்?

சுமதி சித்தி: கிலோக்கணக்கில் கிடக்குது. ஸ்பாஞ்சுத் துண்டும், பெர்லைட் என்கிற வெள்ளைப் பொரிகல்லும்?

பவித்ரா: ஸ்பாஞ்சு போகட்டும், வேரைப் பிரிக்கவே முடியாது, விலையும் கம்மி. பெர்லைட்டை நனைத்துவிட்டு அள்ளுங்க, அந்தத் தூசி மூக்குக்குள் போகக் கூடாது.

கோபி பெரியப்பா: சரி, நோய் இல்லாத வாளிப் பித்தை மட்டும் தென்னை வட்டப்பாத்திக்குக் கொடுங்க. மஞ்சளுக்கு வேண்டாம்.

பொள்ளாச்சி மாமா: பச்சையாகப் போடாதீங்க மச்சான். யூரியாவும் சிப்பிக்காளான் வித்தும் அடுக்கடுக்காகப் போட்டு மக்கவைத்துப் போடுங்க. பித் தானாக மக்க ரொம்ப நாள் பிடிக்கும்.

சுமதி சித்தி: ஆடிப் பதினெட்டுக்கு வரும்போது ரெண்டு சாக்கு கொண்டுவந்துவிடுகிறேன் மாமா. அண்ணா, நீங்கள் வரும்போது 5 கிலோ பித் பிளாக் ரெண்டு எடுத்து வாங்க, கழுவின சரக்காக.

பொள்ளாச்சி மாமா: கழுவினது ரெண்டு எடுத்து வைக்கிறேன். காசு பேசினால் வண்டியை விட்டு இறக்க மாட்டேன்.

கார்த்தி: சித்தி, டிடிஎஸ் மீட்டரையும் கொண்டு வாங்க. எங்க தோட்டத்துக் கிணற்றுத் தண்ணியைப் பார்க்கணும்.