கொலு பொம்மைகள் காலி செய்த தொட்டி

குழு: பெரம்பூர் வீடு

போகி

லதா, காலை 6:50
எல்லோருக்கும் போகி வாழ்த்துகள். அப்புறம் ஒரு பஞ்சாயத்து. மாடி அறையில் இருக்கும் நாலடிக் கண்ணாடித் தொட்டியைப் பழைய சாமான்காரரிடம் போட்டுவிடலாம் என்று, அதற்குள் வைத்திருந்த கொலு பொம்மைகளை எல்லாம் எடுத்து வெளியே அடுக்கினேன். இவர் தொட்டிக்கு முன்னால் காவலுக்கு நிற்கிறார்.

செல்வி, 6:58
அந்த மீன் தொட்டியா? இன்னுமா இருக்கிறது குமரேசா?

குமரேசன், 7:03
இருக்கிறது அக்கா. திரும்பவும் டேங்க் போடப் போகிறேன். பழையபடி கடல் தண்ணீர்தான்.

லதா, 7:04
நல்ல நாளும் அதுவுமாய்.

ரவி, 7:11
டேய், அது வர்தா புயலோடு முடிந்த கதை என்றல்லவா நினைத்தேன்!

குமரேசன், 7:15
ஒன்பது வருடம் ஆகிறது அண்ணா. நானும் அப்படித்தான் நினைத்தேன். போன மாதம் கொளத்தூர் பக்கம் ஒரு வேலையாகப் போனேன். ஒரு கலர் மீன் கடையில் ஜோடி க்ளவுன் மீன். அரை மணி நேரம் நின்றுவிட்டேன். கடைப் பையன் "சார், வாங்குறீங்களா இல்லையா" என்று கேட்டுவிட்டான்.

அம்மா (சொல்லச் சொல்ல லதா தட்டியது), 7:20
உப்புத் தண்ணீர்தானே வேண்டும்? மெரினாவில் நாலு குடம் பிடித்துக்கொண்டு வா. இல்லாவிட்டால் கல் உப்பைக் கரைத்துவிடு. இதற்கு எதற்கு ஆயிரக்கணக்கில் செலவு?

நிவேதா, 7:31
பாட்டி, மெரினாவுக்கு ஒரு பக்கம் கூவம் கலக்கிறது, இன்னொரு பக்கம் அடையாறு. அந்தத் தண்ணீரில் மீனை விட்டால் பாவம். கல் உப்பும் ஆகாது. எங்கள் தூத்துக்குடி உப்பளத்தில் பார்த்தால் தெரியும். கடல் நீர் காயும்போது கால்சியம் முதலில் ஜிப்சமாக அடியில் தங்கிவிடும். அப்புறம் நாம் சாப்பிடும் உப்பு. மக்னீசியம், பொட்டாசியம் எல்லாம் கடைசியில் மிஞ்சும் கசப்புத் தண்ணீரோடு போய்விடும். ஆகக் கல் உப்பைக் கரைத்தால் கிடைப்பது ஊறுகாய்த் தண்ணீர், கடல் இல்லை.

அம்மா, 7:34
படிக்க வைத்தது வீண் போகவில்லை. சரி, எப்படியோ போங்கள்.

நிவேதா, 7:40
சித்தப்பா, ஒன்றிரண்டு கேள்வி. பழைய கல், மணல் எல்லாம் வைத்திருக்கிறீர்களா?

குமரேசன், 7:42
பரணில் இரண்டு சிமென்ட் மூட்டையில் கட்டி வைத்திருக்கிறேன். கழுவி வெயிலில் காயவைத்துப் போட வேண்டியதுதான்.

நிவேதா, 7:43
அந்த டேங்கில் எப்போதாவது செம்பு மருந்து போட்டீர்களா?

குமரேசன், 7:49
2012-ல் ஒரு தடவை. வெள்ளைப் புள்ளி நோய் வந்து டேங்க் மொத்தமும் போகும்போல் இருந்தது. வேறு வழியில்லாமல் போட்டேன். ஏன்மா?

நிவேதா, 7:56
அப்படியானால் மூட்டையைப் பிரிக்கவே வேண்டாம். சுண்ணாம்புக் கல் செம்பை உறிஞ்சி வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கக்கும். மீன் தாங்கிவிடும். இறால், நத்தை, சாஃப்ட் கோரல் என்ற மென் பவளம் எதுவும் தாங்காது. காரணமே தெரியாமல் ஒவ்வொன்றாகச் சாகும், நீங்கள் தண்ணீரைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள். கடைகளில் இப்போது செயற்கைக் கல் கிடைக்கிறது, அதை வாங்குங்கள்.

செல்வி, 8:05
எங்கள் ஷோகேஸில் ராமேஸ்வரத்தில் வாங்கின வெள்ளைப் பவளம் ஒன்று இருக்கிறதே, பூ மாதிரி. அதை அனுப்பட்டுமா? சும்மாதான் தூசி படிந்து கிடக்கிறது.

நிவேதா, 8:07
அத்தை!! அதைப் படம் எடுத்து எங்கும் போட்டுவிடாதீர்கள். கல் பவளம் எல்லாம் 2001 முதல் வனவிலங்குச் சட்டத்தில் முதல் அட்டவணை. புலிக்கு இருக்கும் அதே பாதுகாப்பு. செத்த பவளம் என்றாலும் அதே சட்டம்தான்.

செல்வி, 8:08
ஐயோ. பத்து வருடமாகப் புலியையா வீட்டில் வைத்திருக்கிறேன்.

குமரேசன், 8:20
நிவி, உண்மையைச் சொன்னால் என் ஆசையே கல் பவளம்தான். அன்றைக்கு இதெல்லாம் யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கடையில் இருந்தது, வாங்கினேன்.

நிவேதா, 8:33
தெரியும் சித்தப்பா. ஆனால் இங்கே கடலுக்குள் போய்ப் பார்த்தால் மனசு வராது. ஒரு காலத்தில் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளப்பாறையை வெட்டி வெட்டி எடுத்தார்கள். மன்னார் வளைகுடாவில் 21 தீவு என்று புத்தகத்தில் இருக்கும், அதில் பூவரசன்பட்டி, விலங்குசல்லி இரண்டும் முழுகிவிட்டன. வான் தீவும் சுருங்கிப்போனதால் 2015-ல் இருந்து சுற்றிலும் செயற்கைப் பாறை இறக்கினார்கள். உங்கள் டேங்க் போன அதே 2016-ல் இங்கேயும் வெயிலில் தண்ணீர் கொதித்துப் பவளம் வெளுத்துச் செத்தது.

குமரேசன், 8:41
சரி. கல் பவளம் வேண்டாம். கடல் விசிறிப் பவளமும் அதே பட்டியல்தானே? அதுவும் வேண்டாம். மீன், நத்தை, பிறகு பார்த்துக்கொண்டு கொஞ்சம் சாஃப்ட் கோரல், அதுவும் பில்லோடு.

நிவேதா, 8:42
மீனிலும் தொட்டியில் பொரித்ததையே கேளுங்கள். மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் க்ளவுன் மீனைக் குஞ்சு பொரிக்க வைக்கிறார்கள். தொட்டியில் பிறந்தது என்றால் தூள் தீனியை உடனே சாப்பிடும்.

லதா, 9:15
எல்லோரும் சேர்ந்து முடிவே செய்துவிட்டீர்கள். கரண்ட் பில்லை யார் கட்டுவது? அந்தக் காலத்தில் இரண்டு மாத பில் வந்தால் நான் பார்ப்பதற்குள் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார்.

குமரேசன், 9:30
அது அந்த மெட்டல் ஹாலைடு விளக்கு லதா. 250 வாட் இரண்டு, தினம் எட்டு மணி நேரம். அதற்கு மட்டுமே இரண்டு மாதத்துக்கு 240 யூனிட். அந்தச் சூட்டைத் தணிக்க சில்லர் வேறு. இப்போது எல்.இ.டி. 120 வாட். 60 யூனிட்கூட வராது. குளிர்விக்க மேலே இரண்டு சின்ன ஃபேன் போதும், அக்னி நட்சத்திரத்துக்கு மட்டும் சில்லர்.

லதா, 9:31
500 யூனிட்டைத் தாண்டினால் டேங்கில் கொலுதான்.

கார்த்திக், 11:02
இப்போதுதான் எழுந்தேன். அப்பா, நிஜமாகவா?

கார்த்திக், 11:02
வேண்டாம்பா.

குமரேசன், 11:10
ஏன்டா?

கார்த்திக், 11:19
எனக்கு அப்போது பத்து வயசு. ஐந்து நாள் கரண்ட் இல்லை. ராத்திரி முழுக்க நீங்களும் நானும் மாற்றி மாற்றி மக்கில் தண்ணீரை மொண்டு மேலேயிருந்து ஊற்றினோம், காற்று கலக்கட்டும் என்று. மூன்றாம் நாள் நான் தூங்கிவிட்டேன். எழுந்து பார்த்தால் அந்த இரண்டு க்ளவுனும் இல்லை. நான் தூங்கியதால்தான் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

குமரேசன், 11:40
நீ தூங்கி அரை மணி நேரத்தில் நானும் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டேன்டா. இதை உன்னிடம் சொல்லவே இல்லை.

ரவி, 11:52
குமரேசா, கரண்டுக்கு ஏற்பாடு செய்யாமல் மீன் பக்கம் போகாதே.

குமரேசன், 11:58
அதுதான் அண்ணா முதல் செலவு. 150 ஆம்பியர் பேட்டரியோடு தனி இன்வெர்ட்டர், டேங்குக்கு மட்டும். வீட்டு ஃபேன்கூட அதில் கிடையாது. இரண்டு பம்ப்பும் சேர்த்து 40 வாட்தான், அதனால் ஒரு நாளுக்கு மேலேயே தாங்கும். அதுவும் போனால் பேட்டரி செல்லில் ஓடும் காற்று பம்ப் இரண்டு.

பொங்கல் முடிந்து இரண்டாவது ஞாயிறு

குமரேசன், காலை 10:05
மொட்டை மாடியில் தண்ணீர் நிரப்பி மூன்று நாள் விட்டுப் பார்த்தேன். பின்பக்க மூலையில் கசிவு. பழைய சிலிக்கானை முழுக்கச் சுரண்டி எடுத்துப் புதிதாக ஒட்டி வாங்கியாயிற்று. இன்று ஹாலுக்கு வந்துவிட்டது. 255 லிட்டர்.

[படம்: தொட்டி, பின்னால் சுவரோரம் செய்தித்தாளில் சுற்றிய தசாவதார செட்]

நிவேதா, 10:12
உப்பு அளவு பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டர் பழையதா? கடல் நீரின் உப்பு அளவான 35-க்குத் தயாரித்த திரவம் ஒரு சின்ன பாட்டில் வாங்கி அதில் சரிபாருங்கள். ஒன்பது வருடம் பெட்டிக்குள் கிடந்தது உண்மை பேசாது.

குமரேசன், 10:14
பார்த்தேன், 3 அதிகமாகக் காட்டியது. திருத்திவிட்டேன். நம் வீட்டு ஆர்.ஓ. தண்ணீரும் ஆகவில்லை, டி.டி.எஸ். 60. ரெசின் போட்ட தனி ஃபில்டர் வைத்து 0-க்குக் கொண்டுவந்தேன். 10 கிலோ உப்பு பிடித்தது.

செல்வி, 10:30
தண்ணீர் ஆவியாகிக் குறைந்தால் உப்புத் தண்ணீர்தானே ஊற்ற வேண்டும்?

குமரேசன், 10:33
இல்லை அக்கா, அங்கேதான் நிறையப் பேர் விழுவார்கள், நானும் 2009-ல் விழுந்தேன். தண்ணீர்தான் ஆவியாகும், உப்பு உள்ளேயே இருக்கும். நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும்.

அம்மா (லதா தட்டியது), மாலை 5:40
ரவி, உன் தம்பியை என்னவென்று கேள். மீனே இல்லாத தொட்டிக்கு இறால் போடுகிறான். நல்ல பெரிய இறால். கேட்டால் அழுக வேண்டுமாம்.

ரவி, 5:44
டேய்??

குமரேசன், 5:50
சைக்கிள் அண்ணா. இறால் அழுகினால் அம்மோனியா வரும். அதைத் தின்று நைட்ரைட் ஆக்க ஒரு பாக்டீரியா, நைட்ரைட்டைத் தின்று நைட்ரேட் ஆக்க இன்னொன்று. இந்த இரண்டும் கல்லில் குடியேற நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். அதுவரை மீன் விட்டால் அதன் கழிவே அதற்கு விஷம்.

லதா, 5:52
ஹாலில் காசிமேடு வாசனை. பக்கத்து வீட்டம்மா "என்ன, இன்று மீன் குழம்பா" என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள்.

நிவேதா, 6:01
இப்போது பாட்டிலில் பாக்டீரியாவே விற்கிறார்கள் சித்தப்பா, வாசனை இல்லாமல் வேலை நடக்கும். அப்புறம் இன்னொன்று. நைட்ரேட் பூஜ்யம் வேண்டும் என்ற பழைய விரதத்தை விட்டுவிடுங்கள். 5, 10 இருக்கலாம். சுத்தமாக ஒன்றுமே இல்லாவிட்டால் கோரல் பட்டினி கிடந்து வெளிறும், டைனோ என்று சளி மாதிரி ஒரு பாசியும் பிடிக்கும்.

குமரேசன், 6:04
அந்தப் பூஜ்யத்துக்காக நான் தூக்கிப் போட்ட காசுக்கு ஒரு ஸ்கூட்டர் வாங்கியிருக்கலாம்.

மார்ச், முதல் சனிக்கிழமை

குமரேசன், இரவு 8:15
42-ம் நாள். அம்மோனியா 0, நைட்ரைட் 0, நைட்ரேட் 10. கல்லெல்லாம் பழுப்பு பூத்திருக்கிறது, டயாட்டம் என்ற பாசிதான், தானாகப் போய்விடும். இப்போது மெயினை அணைக்கிறேன். நாளை இரவு 8:15 வரை இன்வெர்ட்டர் மட்டும்.

ரவி, 8:17
மீன்?

குமரேசன், 8:18
இன்னும் வாங்கவில்லை அண்ணா. வெறும் தண்ணீர், வெறும் கல். இதில் தோற்றாலும் யாருக்கும் ஒன்றும் ஆகாது.

கார்த்திக், நள்ளிரவு 1:40
அப்பா ஓடுகிறதா?

குமரேசன், 1:41
ஓடுகிறது. நீ ஏன்டா தூங்கவில்லை?

கார்த்திக், 1:41
நீங்கள்?

குமரேசன், மறுநாள் இரவு 8:16
24 மணி நேரம். பேட்டரியில் இன்னும் இருக்கிறது.

கார்த்திக், 8:20
அடுத்த வெள்ளி இரவு கோவையிலிருந்து ரயில் ஏறுகிறேன். நான் வந்த பிறகு கொளத்தூர் போகலாம். தனியாகப் போய் வாங்கிவிடாதீர்கள்.

லதா, 8:24
வா. வரும்போது நாலு நல்ல அட்டைப் பெட்டி வாங்கி வா. பெருமாளும் செட்டியாரும் இரண்டு மாதமாகக் கட்டிலுக்கு அடியில் இருக்கிறார்கள்.

அம்மா (லதா தட்டியது), 8:31
மிச்ச இறால் ஃப்ரீசரில் இருக்கிறதாமே. பையன் வரும் அன்றைக்குத் தொக்கு வைக்கலாம். தொட்டிக்குப் போட்டது போதும்.