நட்சத்திரம் பார்க்க 10×50 பைனாகுலரா, 20×50-ஆ?

கேள்வி:
பட்ஜெட் கம்மி. ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே விலைதான். பெருசாக் காட்டுறதையே வாங்கிடலாமா? அம்மாவும் பார்ப்பாங்க, கண்ணாடி போட்டவங்க.

பதில் 1:
20 வேண்டாங்க. கை நடுக்கமும் 20 மடங்காத் தெரியும். முதல் எண் எத்தனை மடங்கு பெருசாக் காட்டும்ங்கிறது, 50 முன் லென்ஸோட அகலம், மில்லிமீட்டர்ல. 50-ஐ 20-ஆல வகுத்தா 2.5, கண்ணுக்கு வர்ற ஒளிக்கற்றையோட அகலம் அத்தனை மில்லிமீட்டர்தான். 10×50-ல 5, அதனால படம் இன்னும் வெளிச்சமாத் தெரியும். இருட்டான இடத்துல ஆண்ட்ரோமெடா கேலக்ஸி பஞ்சுத் திட்டு மாதிரி நல்லாத் தெரியும். கார்த்திகை நட்சத்திரக் கூட்டம் முழுசா ஒரே பார்வைக்குள்ள அடங்கும். அதை டெலஸ்கோப்பை விட இதுல பார்க்கத்தான் எனக்குப் பிடிக்கும்.

வாங்குறப்போ கை நீட்டித் தள்ளிப் பிடிச்சு, கண் வைக்கிற லென்ஸ்ல தெரியுற ஒளி வட்டத்தைப் பாருங்க. ஓரம் வெட்டின மாதிரி சதுரமா இருந்தா உள்ள ஒளியைத் திருப்புற பிரிஸம் கண்ணாடி மட்டம். லென்ஸ்ல பளபளக்குற சிவப்புப் பூச்சு, ஜூம் ரெண்டும் வேண்டவே வேண்டாம்.

பதில் 2:
அம்மாவுக்காக ஐ ரிலீஃப், அதாவது லென்ஸ்ல இருந்து கண்ணு எவ்வளவு தள்ளி இருந்தாலும் காட்சி முழுசாத் தெரியும்ங்கிற தூரம், எவ்வளவுன்னு பாருங்க. 15 மி.மீ.க்கு மேல இருந்தா கண்ணாடியைக் கழட்டாமலே பார்க்கலாம்.

கேட்டவர்:
ரொம்ப நன்றி. ட்ரைபாட் அவசியமா?

பதில் 1:
வியாழனோட நாலு பெரிய நிலாவைத் தெளிவாப் பார்க்கணும்னா வாங்குங்க. பைனாகுலர் முன்பக்கம் நடுவுல இருக்குற மூடியைத் திருகினா உள்ள மரை இருக்கணும்; ட்ரைபாடோட இணைக்குற எல் வடிவ அடாப்டர் அதுலதான் மாட்டும். மத்ததுக்குச் சாய்வு நாற்காலியில முழங்கையை ஊன்றினாலே போதும்.