29 வாரத்தில் பிறந்த மகளுக்குக் கண் பிரச்சினை: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். என் மகள் 29 வாரத்தில் பிறந்தாள், 1,140 கிராம். இன்றோடு 38 நாள். நேற்று கண் பார்த்த டாக்டர், குறைமாதக் குழந்தைகளின் விழித்திரையில் வரும் ஆர்ஓபி, இரண்டாம் நிலை என்றார். இமையைச் சின்னக் கம்பியால் விரித்தபோது அவள் என் சுண்டுவிரலைப் பிடித்த பிடி இன்னும் கையிலேயே இருக்கிறது. வரும் வியாழன் மறுபடி போக வேண்டும்.

இரண்டாவது வாரத்தில் அவளுக்கு பிளேட்லெட் 58,000-க்கு இறங்கியது, இரண்டு முறை ரத்தம் ஏற்றினார்கள். பிளேட்லெட் குறைந்த குழந்தைகளிடம் இந்த நோய் தீவிரமாவது அதிகம் என்று சில ஆய்வுகளில் படித்ததிலிருந்து தூக்கமில்லை. ஐஜிஎஃப்-1 என்ற வளர்ச்சிப் புரதம் ரத்தத்தில் குறைவாக இருந்தாலும் விழித்திரையின் ரத்தக்குழாய்கள் சரியாக வளராதாம். ஸ்வீடனில் உருவான வின்ரோப் முறையில் வாராவாரம் எடை கூடுவதை வைத்தே ஆபத்தைக் கணிக்கிறார்கள். அதனால் நானும் எடையை நோட்டில் எழுதி வருகிறேன், நேற்று 1,620. ஆனால் எந்த ரத்தப் பரிசோதனையும் கண் பரிசோதனைக்கு ஈடாகாது என்று டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார்.

உங்கள் குழந்தைக்கும் பிளேட்லெட் குறைந்திருந்ததா? ஆர்ஓபி தானாகவே அடங்கியதா, லேசரோ ஊசியோ தேவைப்பட்டதா? அப்புறம் இன்னொன்று: டிஸ்சார்ஜ் தாளில் ரத்த அளவுகள் எதுவுமே இல்லை. முழு ரிப்போர்ட்டையும் எப்படிக் கேட்டு வாங்கினீர்கள்? வியாழனுக்குள் யாராவது சொன்னால் டாக்டரிடம் விவரமாகக் கேட்க முடியும்.