செப்ட்ரானும் டெல்மிசார்டானும் சேர்த்துச் சாப்பிட்டவர்கள் இருக்கிறீர்களா?

அம்மாவுக்குச் சிறுநீர்த் தொற்று. கல்ச்சர் (எந்தக் கிருமி என்று பார்க்கும் சிறுநீர் டெஸ்ட்) பார்த்துவிட்டு டாக்டர் செப்ட்ரான் டிஎஸ் என்ற ஆன்டிபயாட்டிக் எழுதியிருக்கிறார், அதாவது சல்ஃபாமெத்தாக்சசோல் 800 மில்லிகிராமும் டிரைமெத்தோபிரிம் 160-ம் சேர்ந்தது, காலை ஒன்று இரவு ஒன்று. கிருமி தான் வளரத் தேவையான ஃபோலேட் என்ற சத்தைத் தயாரிப்பதை அடுத்தடுத்து இரண்டு இடத்தில் தடுப்பதற்காகத்தான் இந்தக் கூட்டு, அது சரி. பழைய மருந்துதான், எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு ஒருவகை நிமோனியா வராமல் தடுக்கக்கூட இன்றும் கொடுக்கிறார்கள்.

என் கவலை பொட்டாசியம் பற்றி. அம்மா பிரஷருக்கு டெல்மிசார்டான் சாப்பிடுகிறார், கிரியாட்டினினும் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த அளவு) கொஞ்சம் அதிகம். டிரைமெத்தோபிரிம், டெல்மிசார்டான் இரண்டுமே பொட்டாசியத்தை ஏற்றக்கூடியவை, ரொம்ப ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும். போதாததற்குச் சூட்டுக்கு நல்லது என்று தினமும் இளநீர் வேறு, அதிலும் பொட்டாசியம் நிறைய!

நாளை டாக்டரிடம் கேட்கத்தான் போகிறேன். அதற்கு முன், இப்படிச் சேர்த்து எடுத்தவர்கள் யாராவது சொல்லுங்கள்: பொட்டாசியம் டெஸ்ட் எழுதினார்களா, எத்தனையாவது நாளில்? இல்லை வேறு ஆன்டிபயாட்டிக்குக்கு மாற்றினார்களா? அப்புறம் சுகருக்கு கிளிமிபிரைடும் எடுக்கிறார், அதோடு செப்ட்ரான் சேர்ந்ததால் யாருக்காவது சுகர் திடீரென்று இறங்கியதா? குழுவில் பார்மசிஸ்ட் இருந்தால் கொஞ்சம் பாருங்கள், ப்ளீஸ்.